ஊறப்போட்டது

ஈரத்துண்டைப் பிழிந்து கட்டில் கம்பியில் போட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனவள், திரும்பி வந்து எடுத்தபோது அது மொடமொடவென்று காய்ந்து கிடந்தது.

மழை என்றால் அப்படி இப்படி மழையில்லை. வாரக்கணக்கில் விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் வியர்த்து வழிந்தது, தீப்பெட்டி நமுத்துப் போனது, கொடியில் போட்ட துணிகள் காயாமல் புழுங்கி நாறின. வீட்டில் எதுவும் காய மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது இந்தத் துண்டுக்கு மட்டும் என்ன வந்தது? மின்விசிறிகூடச் சுற்றவில்லை. பிள்ளையின் காய்ச்சல் சூட்டில் உலர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, மறுபடியும் நனைத்துப் பிழிந்து மகளின் நெற்றியில் போட்டாள்.

மகளுக்கு நாலு வயது. கன்னமும் தொடையும் உருண்டு திரண்டிருப்பதால் குண்டம்மா என்று கூப்பிட்டே பழகிவிட்டது. முந்தாநாள் பிடித்த காய்ச்சல் விடவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனது. உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ளம்மா, மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் லாரி எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வர மாதமாகும். ஆக மொத்தம் எல்லாப் பாரமும் அவள் தலையில்தான்.

அவளுக்கு வேலை அருங்காட்சியகத்தில், பூச்சிப் பிரிவில். அங்கே எல்லோரும் பூச்சிக்காரி என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார்கள். செத்துக் காய்ந்த வண்டைத் தொட்டால் கால் ஒடிந்து கையோடு வரும். அதனால் ஈர மணல் பரப்பிய டப்பாவுக்குள் வைத்து மூடி ஊறப்போட வேண்டும். மூட்டுகள் இளகிய பிறகு காலைப் பிரித்து, இறக்கையை விரித்து, ஊசி குத்தி நிறுத்துவாள். விடுப்பு கேட்கப் போனபோது, பிரிவுத் தலைவரான தாடிக்காரர், இது ஒன்றே ஒன்றுதான், வீட்டிலேயே முடித்துவிடம்மா என்று ஒரு தகர டப்பியைக் கையில் திணித்துவிட்டார். யாரோ எந்தக் காலத்திலோ பாலைவனத்தில் பொறுக்கி வந்ததாம். பஞ்சுக்கு நடுவே உலர்திராட்சை மாதிரி ஒன்று, கால்களை மடக்கிச் சுருண்டு கிடந்தது. வண்டா சிலந்தியா என்று அவருக்கே தெரியவில்லை. விரித்தால் தெரிந்துவிடும் என்றார்.

அன்று காலையில் அதைச் சமையலறை மேடையில் ஊறப்போட்டவள் மத்தியானம் திறந்து பார்த்தால் மணல் பொடிப்பொடியாக உலர்ந்திருந்தது. மூடி சரியில்லை போல என்று தண்ணீர் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் வற்றியது. மறுபடியும் ஊற்றினாள். அந்தப் பிராணி எலுமிச்சம்பழ அளவுக்கு உப்பி, கால்களை ஒவ்வொன்றாக நீட்டியிருந்தது. ஊறினால் மூட்டு இளகும், இப்படி உப்பாது. அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் ஒரு கால்கூட ஒடியவில்லையே என்ற சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. ஊசியை எடுத்த நேரம் பார்த்து உள்ளே குண்டம்மா ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. போட்டது போட்டபடி ஓடினாள். டப்பாவை மூடினாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை.

அதற்குப் பிறகு குழந்தை வாந்தி எடுக்கவில்லை. அழவில்லை. சட்டையை நனைத்துக்கொண்டிருந்த வியர்வையும் நின்றுவிட்டது. அப்பாடா, காய்ச்சல் இறங்குகிறது என்று அவளுக்கு உயிர் வந்தது. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வெளியே கூரைக்குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம், தெருவில் எப்போதாவது ஒரு வண்டி சேற்றைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம், இவற்றுக்கு அடியில் மிக மெல்லியதாக, உதட்டைக் குவித்து யாரோ எதையோ விட்டுவிட்டு உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டேயிருந்தது. பிள்ளை கட்டைவிரல் சப்புகிறாள் என்று நினைத்தாள்.

பிறகுதான் அந்த வாசனை வந்தது. கோடையில் வெயிலடித்துக் காய்ந்த புழுதியின் வாசனை. இந்த அடைமழையில் அது எங்கிருந்து வரும்? கண்ணைத் திறந்தாள். இருட்டத் தொடங்கியிருந்த அறையில், எதிர்ச்சுவர் முழுக்க ஈரம் மினுமினுத்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மட்டும் ஒரு பெரிய வட்டம் வெளுத்து, உலர்ந்து, சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் விளிம்பு மெல்ல அகன்றது. பக்கத்து முக்காலியில் அவள் நிரப்பி வைத்த டம்ளரில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மத்தியானம் வற்றிப்போன மணல் நினைவுக்கு வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். டப்பாவின் மூடி தரையில் கிடந்தது. உலர்ந்த மணல் மேடையெங்கும் சிதறியிருந்தது. உள்ளே எதுவும் இல்லை.

தாடிக்காரருக்கு போன் போட்டாள். எலி தூக்கிக்கொண்டு போயிருக்கும், இதற்குப் போய் ஏனம்மா பதறுகிறாய் என்று அவர் முதலில் சிரித்தார். மணல் காய்ந்ததை, அது உப்பியதை, கால் நீட்டியதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இனிமே அதுக்கு ஈரமே காட்டாதம்மா," என்றார், சிரிப்பை விட்டுவிட்டு. "சில உசுரு அப்படி உண்டு. காஞ்சா சாகாது. எத்தன வருஷமானாலும் அப்படியே கெடக்கும், தண்ணி பட்டா எழுந்திரிச்சிடும். இவ்வளவு பெருசா இருக்கும்னு நான் கேள்விப்பட்டதில்ல."

"எழுந்து என்ன சார் பண்ணும்?"

"குடிக்கும். வேற என்ன பண்ணும்."

போன் கையிலிருந்து நழுவியது. அறைக்கு ஓடினாள்.

விளக்கைப் போட்டாள். நெற்றித் துண்டு அட்டையாக விறைத்திருந்தது. அதை எடுத்தாள். குண்டம்மாவின் கன்னம் இல்லை. இருந்த இடத்தில் குழி. உதடு பிளந்து பல் தெரிந்தது. கையைத் தூக்கினாள், கனமே இல்லை. சருகு. அவ்வளவுதான்.

உறிஞ்சும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

குழந்தையின் தலையை மெல்லத் தூக்கினாள். பிடரியில் இருந்தது அது. தேங்காய் அளவுக்கு உப்பியிருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிந்த உடம்பு, உள்ளே தளும்பும் நீர். கால்கள் எல்லாம் மயிருக்குள், தோலுக்குள். பிய்த்து எடுத்தாள். தரையில் போட்டாள். மிதித்தாள்.

உடைந்தது.

வெதுவெதுவென்று நீர் காலடியில் பரவியது. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். காய்ச்சல் வியர்வை. குழந்தையின் தலைமயிர். உப்பும் சர்க்கரையும். ஐயோ, இத்தனையும் என் பிள்ளையுடையதல்லவா என்று கத்தினாள். பிறகு மண்டியிட்டாள். காய்ந்த துண்டைத் தரையில் போட்டு ஒற்றினாள். அந்தப் பிளந்த வாயில் பிழிந்தாள். ஒற்றினாள், பிழிந்தாள். காஞ்சா சாகாது, காஞ்சா சாகாது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அவர் சொன்னது பிள்ளையைப் பற்றியல்ல என்று நினைக்க அவள் மனம் இடம் கொடுக்கவில்லை.

உதடு ஒட்டியது. தொண்டை ஏறி இறங்கியது.

குண்டம்மா கண் திறந்தாள்.

"அம்மா. தாகமா இருக்கு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கூஜாவை எடுத்துக்கொண்டு வந்தாள். காலியானது. குளியலறையிலிருந்து வாளியை இழுத்து வந்தாள். குண்டம்மா வாயை வைக்கவில்லை, கையை விட்டாள். நீர் சத்தமில்லாமல் இறங்கியது. வாளியின் அடி தெரிந்தது. கன்னம் பாதிதான் வந்திருந்தது.

"இன்னும்மா."

குழாயைத் திருகினாள். கரகரத்து நின்றுவிட்டது.

வெளியே மழை. எவ்வளவு வேண்டுமானாலும் மழை. பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். குண்டம்மா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தோளில் புதைத்தாள்.

கதவு மழையில் ஊதி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தால்தான் வரும். ஒரு கையால் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. எச்சில் இல்லை. காதுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம். விட்டுவிட்டு, நிதானமாக. தாழ்ப்பாளைப் பிடித்த தன் கையைப் பார்த்தாள். புறங்கை சுருங்கியது. நகத்தோரம் வெடித்தது. இரத்தம் வரவில்லை.

இறக்கி விட வேண்டும். ஒரு நொடி. இறக்கிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தால் போதும்.

"எறக்கி விடாதம்மா," என்றாள் குண்டம்மா, கழுத்திலிருந்து வாயை எடுக்காமல்.

இடுப்பில் கனம் ஏறியது. தொடை உருண்டது. கழுத்தில் பதிந்திருந்த கன்னம் மெத்தென்று, ஈரமாக, சூடாக உப்பி வந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த கனம்.

கதவோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். அழ வேண்டும் போலிருந்தது, கண்ணில் நீர் இல்லை. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை மகளின் முதுகில் வைத்து, தூங்க வைப்பதுபோல, மெல்ல மெல்லத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள்.