யாருக்கெல்லாம் திறக்கலாம்

கூடத்து விளக்கு தானாக எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாரக்கணக்கில் சரியான தூக்கமில்லாமல் நிரல் எழுதி எழுதி உடம்போடு மனசும் மரத்துக் கிடந்தது. கூரையே இடிந்து விழுந்தாலும் ‘அப்படியா’ என்றுதான் கேட்டிருப்பாள். மழை வரப்போகிற சாயங்காலம், ஜன்னல் வழியே ஈரப் புழுக்கம், சமையலறையில் ஃபிரிட்ஜின் முனகல், காய்ச்சலில் தூங்கும் மகளின் அறையிலிருந்து தைலத்தின் நெடி.

அவள் கம்பெனியின் செயலி வீட்டு விளக்கு, கதவுப் பூட்டு, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே இயக்கும். அவற்றை இயக்கும் வழியை வேறு யாருக்கெல்லாம் திறந்துவிடலாம்? ஊருக்கெல்லாமா, ஒப்பந்தம் போட்ட கூட்டாளிகளுக்கு மட்டுமா, வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமா? அந்த வழிக்குப் பெயர் ஏபிஐ; ஏபிஐ, ஏபிஐ என்று கூட்டம் மேல் கூட்டம் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் மேலாளர், “எல்லாருக்கும் திறந்து விட்டுடும்மா, நாலு பேர் புழங்கினாத்தான் நம்ம பேரு வெளிய தெரியும்” என்றார். “சரி சார்” என்று சொல்லிவிட்டாள். மல்லுக்கு நிற்கத் தெம்பில்லை.

விளக்கு இன்னொரு தரம் சிமிட்டியபோதுதான் பொறி தட்டியது. வெளியாட்கள் பார்த்துப் பழகட்டும் என்று ஒரு மாதிரி நிரல் போட்டிருந்தாள். அதற்குச் செயலியில் பதிந்த ஏதாவது ஒரு வீட்டின் அடையாள எண் வேண்டும். சோதனைக்காக அறைக்கு அறை பூட்டு மாட்டியிருந்தது இந்த வீட்டில்தான். இந்த எண்ணையே எழுதியிருந்தாள். வெளியிடும்போது மாற்ற மறந்துபோனாள். எந்த மூலையில் எவன் அதைத் தட்டிப் பார்த்தாலும் எரிவது இவள் வீட்டு விளக்கு.

“நல்லா இருக்கு போ, உன் லட்சணம்” என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ எழுதி அனுப்பியதை ஏற்ற இறக்கமில்லாமல் படிக்கும் இயந்திரக் குரல்.

“பாப்பா தூங்குதா?”

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விரல்நுனி மட்டும் சில்லிட்டது. கணினியிலேயே மேலாளரைக் கூப்பிட்டாள்.

“சார், எவனோ என் வீட்டு ஸ்பீக்கர்ல பேசறான். நான் மூடறேன். வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டும்.”

“எவனோ வெட்டிப்பய விளையாடறாம்மா. கூட்டாளிங்களுக்காவது விட்டு வையேன்.”

“என் பொண்ணு உள்ள படுத்திருக்கா சார்.”

“சரிம்மா, மூடிடு.”

மூடினாள். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த கட்டளைகள் திரையில் ஒவ்வொன்றாக நின்றன. விளக்கு அசையாமல் எரிந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். முதல் தூறல் ஜன்னல் தகரத்தில் விழும் சத்தம் கேட்டது, தைல வாசனை கூடியது, இன்றைக்காவது தூங்கலாம் என்று நினைத்தாள்.

க்ளிக்.

மகளின் அறைப் பூட்டு.

திரையில் புதிதாக ஒரு வரி. கட்டளை: பூட்டு. அனுப்பியது: வீட்டுக்குள்ளிருந்து.

அவள் எதையும் தொடவில்லை. மகளிடம் கைபேசி கிடையாது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

‘திற’ என்று அமுக்கினாள். அனுமதி இல்லை. நீங்கள் வெளியாள்.

ஐயோ, ஆபீஸ் இணைப்பு! அதன் வழியாக வேலை செய்வதால் தன்னையும் வெளியில் சேர்த்துவிட்டது. அதைத் துண்டித்தாள். வீட்டு இணைப்புக்கு மாற்றினாள். அமுக்கினாள்.

நீங்கள் வெளியாள்.

எழுந்து ஓடினாள். கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது, யாரோ உட்கார்கிற மாதிரி.

“கண்ணு! அம்மாடா! முழிச்சிக்கோ!”

தட்டினாள். கையெல்லாம் வலிக்கத் தட்டினாள்.

உள்ளே மகளின் குரல் கேட்டது. தூக்கக் கலக்கத்தில், கிசுகிசுப்பாக. இவளிடம் பேசவில்லை.

“திறந்துடாதம்மா. வெளிய யாரோ உன்ன மாதிரியே கூப்பிடறாங்க.”

“திறக்க மாட்டேன்டா செல்லம், நீ தூங்கு” என்று உள்ளிருந்து பதில் வந்தது, அவளுடைய குரலிலேயே.