கீறல் இல்லாத குளிர்மண்டபம்

காலையில் எழுந்ததும் குழலி நேற்றைய தன் வியர்வையைக் காபியாகக் குடித்தாள். செவ்வாய்க் கோளின் செம்பாறை நகரில் எல்லோரும் அப்படித்தான். சட்டை உறிஞ்சிய ஈரத்தை மீள்நீர்ப் பெட்டி சுத்திகரித்துக் கோப்பையில் ஊற்றிவிடும். குளியல் என்றால் சூடான மணலை முதுகில் ஊதிக்கொள்வது. தண்ணீரில் குளிக்கப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால் மனநல மருத்துவர் வீடு தேடி வந்துவிடுவார்.

பிறகு அவள் சந்தேகப்படப் புறப்பட்டாள். அது அரசாங்க உத்தியோகம். எந்தப் பொருளையும் அணு பிசகாமல், வயதையும் சேர்த்து நகலெடுக்கும் படியெடுப்பான் வீட்டுக்கு வீடு வந்த பிறகு, எது அசல் என்று சொல்வதற்காகவே ஐயத்துறையை அமைத்திருந்தார்கள். குழலி போன வருடம் ஒரு போலித் தூணுக்கு அசல் முத்திரை குத்திவிட்டாள். இன்னொரு முறை தவறினால் வேலை போகும். வேலை போனவர்களுக்குச் செவ்வாயில் மூச்சுவிட அனுமதி இல்லை. பூமிக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

அன்று அவள் முன் நின்றது ஒரு ரோமானியக் குளியல் வளாகத்தின் முதல் பகுதி. மத்தியதரைக் கடலோரத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிடந்ததைச் செங்கல் செங்கலாகப் பிரித்துக் கொண்டுவந்து கோத்திருந்தார்கள். குளிப்பதற்கு அல்ல. நகரத்துக்குக் கொஞ்சம் பழமை வேண்டும் என்று நகர மன்றம் ஆசைப்பட்டது. கொண்டுவந்தவர் தரகர் மாசிலாமணி, மதுரைக்காரர்.

"வாங்க மேடம், இதான் வெந்நீர் மண்டபம். குனிஞ்சு பாருங்க, தரை தரையில இல்ல!"

உண்மைதான். தளம் குட்டையான செங்கல் கால்களின் மேல் நின்றது. அந்தக் காலத்தில் அடுப்பின் அனல் அந்த இடைவெளியில் ஓடி, சுவருக்குள் இருக்கும் மண்குழாய்கள் வழியே மேலேறுமாம். தலைக்கு மேல் குவிமாடம். அதன் உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு. காலடியில் அரிசி அளவுக் கற்களைப் பதித்து டால்பின், ஆக்டோபஸ், தலைமுடியில் நண்டுக் கொடுக்கு முளைத்த கடல் தேவன்.

குழலிக்கு அந்த ஆக்டோபஸ் மேல் நம்பிக்கை வரவில்லை. எட்டுக் கையும் ஒழுங்காக இருந்தது.

"மனுஷன் இவ்வளவு நேர்த்தியா செய்வானா?"

"அடிமைங்கள வச்சு செஞ்சது மேடம். பயத்துல செஞ்சா நேர்த்தி தானா வரும்."

அவளுடைய உதவி இயந்திரன் நுணுக்கன், கதிரைப் பாய்ச்சிப் பார்த்தது. "வயது பொருந்துகிறது. அதனால் சந்தேகம் கூடுகிறது" என்றது. பிறகு ஒரு மூலையில் நின்றுவிட்டது.

சிவப்புச் சாயம் பூசிய சுண்ணச் சுவரில் யாரோ கீறிய ஓர் இதயம், அதைத் துளைத்த அம்பு. உள்ளே: சுகுமார் – ஜெனிட்டா, மெக்கானிக்கல், இறுதி ஆண்டு.

மாசிலாமணி ஓடிவந்து சுவரில் கை வைத்தார். "அய்யய்யோ! டூர் வந்த தறுதலை எவனோ மேடம். அஞ்சே நிமிஷம், தேச்சுக் குடுத்துர்றேன்."

"கைய எடுங்க!" குழலி சுவருக்கு முன்னால் குறுக்கே நின்றாள். "போலி செய்யறவன் தன் வேலைய தானே இப்படி நாசம் பண்ணுவானா?"

"உசுரே போனாலும் மாட்டான்."

"அப்ப இது அசல்."

நுணுக்கனும் ஒப்புக்கொண்டது. படியெடுப்பான் மற்ற எல்லாவற்றையும் அப்படியே எடுத்தாலும், கீறலை மட்டும் குறை என்று கருதித் தானாகவே அடைத்துவிடும். அழகான ஒன்றைப் பார்த்ததும் கெடுக்கத் தோன்றுவது மனிதருக்கு மட்டுமே. முத்திரை விழுந்தது. குழலியைப் பாராட்டி ஐயத்துறை புது விதியே போட்டது: கிறுக்கல் இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி.

அடுத்த கப்பலில் அதே வளாகத்தின் குளிர்மண்டபம் வந்தது. வட்டத் தடாகம், பச்சைப் பளிங்கு பதித்த சுவர், மாடத்தில் ஒரு தேவதை. குழலி பளிங்குப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"பேரு எங்க?"

"இது மண்ணுக்குள்ள பொதஞ்சு கெடந்துச்சு மேடம். எவன் கண்ணுலயும் படல."

"எல்லா போலிக்காரனும் இதையேதான் சொல்றான். திருப்பி எடுத்துட்டுப் போங்க. நான் முத்திர குத்தினா என்னையும் உங்க கப்பல்லயே ஏத்திருவாங்க."

மாசிலாமணி தேவதையைப் பார்த்தார். குழலியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பெட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். பல் கூசும் சத்தம் கேட்டது. மாசிலாமணி – பேச்சியம்மாள். அம்பு கொஞ்சம் கோணிவிட்டது.

நுணுக்கன் அருகே சென்று ஆராய்ந்தது. "மனிதக் கை. அசல்."

"இப்பதானே கீறினாரு?" என்றாள் குழலி.

"எப்போது கீறியிருக்க வேண்டும் என்று விதியில் இல்லை."

குழலி முத்திரை குத்தினாள். அவள் பிழைத்தாள், குளிர்மண்டபமும் பிழைத்தது. ஆனால் அவள் கிளம்பவில்லை. பக்கத்துப் பலகையில் விரல் வைத்தாள். குளுமையாக, வழவழவென்று, வெறுமையாக இருந்தது.

"நுணுக்கா, வாசல் தூண ஒரு தடவ பாத்துட்டு வா."

இயந்திரன் வெளியே போனது. குழலி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே," என்றாள் மெதுவாக, "அந்தச் சாவியக் கொஞ்சம் குடுங்க."