கண் மறந்தது

பால்மா டின்னில் இருந்த தமிழ் எழுத்துகள் ஆரணிக்குக் கோழி கிளறிய மண்போலத் தெரிந்தன. அதே டின்னின் மறுபக்கத்துச் சிங்களத்தை ஒரே மூச்சில் வாசித்தாள்.

கிணற்றடியில் தலை அடிபட்டதிலிருந்து இப்படித்தான். அதற்கு முந்திய மாதமே நினைவில் இல்லை. அவள் சறுக்கி விழுந்ததாகச் சொன்னவன் கணவன் தயாபரன்.

அவன் மருந்தெடுக்கப் போயிருந்த நேரம் டொக்டர் சொன்னார்: “சின்னனிலை படிச்ச எழுத்தும் பிறகு படிச்ச எழுத்தும் மூளையிலை ஒரே மாதிரி நிக்கிறேல்லை, பிள்ளை. ஒண்டு போனாலும் மற்றது தப்பும். கண் மறந்ததைக் கை மறக்காது. எழுத்துக்கு மேலை விரலை ஓட்டி, சத்தமாய்ச் சொல்லிப் பாரும்.”

கரவெட்டி வீட்டில் பின்னேர வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தயாபரன் புகையிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தான். காற்றில் கிணற்றுக் கப்பி கிறீச்சிட, மொழிபெயர்ப்பு வேலைக்கு வைத்திருந்த சிங்கள அகராதியை ஆறுதலுக்காக விரித்தாள். தயாபரன் ஒருநாளும் தொடாத புத்தகம். உள்ளே மடித்த தாளொன்று. அவளது கையெழுத்து. தமிழ்.

முதல் எழுத்தில் விரலை வைத்து, அதன் வளைவோடு மெல்ல ஓட்டினாள்.

“த... ர்... சி... கா...”

உடுவிலில் இருக்கும் தங்கச்சி! அவளுக்கு எழுதி அனுப்பாத கடிதம். ஆரணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

“வி... னோ... ஜா...”

தயாபரனின் முதல் மனைவி. கிணற்றில் விழுந்து செத்தவள்.

வெளியே கப்பிச் சத்தம் நின்றது.

“தா... னா... ய்... வி... ழே... ல்... லை...”

நிறுத்த நினைத்தாள். விரல் நிற்கவில்லை. எங்கிருந்தோ ஈரப் புகையிலையின் நெடி.

“இ... வ... ர்... தா... ன்... த... ள்... ளி...”

“...னவர்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் முடித்தது.

தோட்டத்து மண் ஒட்டிய கை அவளது மணிக்கட்டை மேசையோடு அழுத்தியது.

“கை வாசிக்குமெண்டு டொக்டர் எனக்குச் சொல்லேல்லையே,” என்றான் தயாபரன்.

“இஞ்சருங்கோ... நான் ஒருத்தருக்கும்...”

சுட்டுவிரலைப் பிடித்தான். பின்னுக்கு மடக்கினான். பச்சைத் தடி முறியும் சத்தம்.

அலறினாள்.

அடுத்தது. அடுத்தது. அடுத்தது.

பெருவிரலுக்குச் சற்று நேரம் எடுத்தது.

தாளின்மேல் ஐந்து விரல்களும் ஐந்து பக்கம் பார்த்துக் கிடந்தன. அவன் கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே அமர்ந்து, வியர்வையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தான்.

“இனி மற்றக் கையை வையும்.”