கார்லண்ட் கொடுத்த பெல்ட் பக்கிள்

என் பிறந்தநாளன்று நண்பன் கார்லண்ட் வந்தபோது மழை விட்டிருந்தது. சேறு படிந்த பூட்ஸோடு அடுக்களைக்குள் வந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை மேசைமேல் வைத்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துப் பட்டாளத்து பெல்ட் பக்கிள். முட்டை வடிவப் பித்தளை, பின்புறம் ஈயம். இதற்காகத்தான் வர்ஜீனியாவின் சோளக்கொல்லைகளில் மெட்டல் டிடெக்டரோடு வருடக்கணக்கில் நாயாய் அலைந்தேன்.

"தனியாவா கிடைச்சுது?"

"தனியாத்தான்டா. போலீஸ்காரன் மாதிரி கேக்காம வாங்கிக்க."

கேட்டதற்குக் காரணம் உண்டு. பக்கிளோடு பொத்தான்களும் வரிசையாகக் கிடைத்தால் கீழே புதைந்துபோன சிப்பாய் ஒருவன் இருக்கிறான் என்று பொருள். இப்படித் தேடி அலையும் எங்கள் கூட்டத்தில் யாரும் அதற்குமேல் தோண்ட மாட்டோம். தொப்பியைக் கழற்றி, அவனிடம் அவரவர் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் அப்படியே மூடிவிடுவோம்.

கார்லண்டை நம்பினேன். பக்கிளைக் கூடத்துச் சுவரில் மாட்டினேன்.

மறுநாள் அந்தியில் ஈரக் களிமண் நாற்றம் அடித்தது. அவிழ்ந்து விழும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல, கூடத்தில் யாரோ காலை இழுத்து இழுத்து வந்தார்கள்.

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

பக்கிள் நனைந்திருந்தது.

அதற்கு அடுத்த அந்தியில் குரலும் வந்தது. வாய் நிறைய மண்ணோடு பேசுவதுபோல் ஒரு முணுமுணுப்பு.

"எல்வுட் டாக்கெட்."

என் பெயர்.

விடிந்ததும் கார்லண்டின் சட்டையைப் பிடித்தேன். "பொத்தான் இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு. வரிசையா." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உனக்கு இதுமேல எவ்ளோ ஆசைன்னு தெரியும். விட மனசு வரலடா."

அவன் தோண்டிய ஆற்றோரக் கொல்லைக்கு அவனை இழுத்துப் போனேன். பக்கிளை இருந்த இடத்திலேயே வைத்து மண்ணைத் தள்ளினோம்.

"பேரையாவது சொன்னியா?"

"சொன்னேன்."

"யார் பேரை?"

மண்வெட்டி நின்றது.

"உனக்காகத்தானே எடுத்தேன்," என்றான் மெதுவாக. "அதான் உன் பேரை..."

அவன் அம்மாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன் நான். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான். "எடுத்தது நான் இல்ல, இவன்தான்" என்று அந்த மண்ணிடம் கெஞ்சினேன். மண் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதோ, மறுபடி அந்தி. சுவரில் வெறும் ஆணிதான் இருக்கிறது. ஆனாலும் களிமண் நாற்றம் வருகிறது.

"எல்வுட் டாக்கெட்."

அந்தச் சிப்பாய்க்குத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான்.

இன்று கால் இழுபடவில்லை. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, பட்டாளத்து நடையில் நேராக வருகிறான்.