வடிக்காத மகிழ்ச்சி

எங்கள் வீட்டில் செங்கமலத்துக்கு யாரும் எதையும் சொல்லித் தரக் கூடாது. பலாப்பழம் வந்தால் அவளை அடுக்களையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு, நான்தான் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் என் மனைவி மாணவி. இதுவரை செய்யாத காரியங்கள்தான் அவள் படிப்புக்கு மூலதனம். அவற்றை வீட்டில் வீணடிக்கலாமா?

பிள்ளைகள் இப்போது எதையும் விழுந்து எழுந்து கற்பதில்லை. சட்டம் விடாது. பெரியவர் ஒருவர் ஒரு காரியத்தை வாழ்க்கையில் முதன்முறையாகச் செய்வார். பிடரியில் ஒட்டிய உணர்பட்டை அதைப் பதியும். அந்த உணர்பதிவைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஏற்றுவார்கள். ஏறியதும் கைகாலுக்குப் பழக்கம் வந்துவிடும். பதிவைத் தருபவருக்கு முதல்நர் என்று பெயர். இளைஞர்கள் இந்த வேலைக்கு ஆக மாட்டார்கள், அவர்களுக்குச் சின்ன வயதிலேயே எல்லாம் ஏற்றியாகிவிட்டது. செங்கமலத்தை அவள் அப்பா சைக்கிளைத் தொடவிட்டதே இல்லை. பள்ளியை நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்தார். அதன்பிறகு என் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் குறையே தகுதியாகிவிட்டது. உணர்கல்வி வாரியத்தில் முதல்நர் படிப்புக்கு இடம் கிடைத்த அன்று அவள் அழுததைப் பார்த்து, கேலி செய்ய எனக்கே வாய் வரவில்லை.

இறுதித் தேர்வு சைக்கிள். ஆற்றங்கரைச் சாலையில் விழுந்தாள், மறுபடி விழுந்தாள். பிறகு கிளம்பியவள் வளைவு தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்துத் திரும்பியபோது முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

வடிப்பாளர் தாவீது சைக்கிள் கைவந்த இடத்தோடு பதிவை வெட்டி, அதிலிருந்து வலியையும் பயத்தையும் நீக்கினார். அதுதான் அவர் வேலை.

"சந்தோஷத்தைத் திறந்து பாக்க மாட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

"அதைப் பாத்து என்னங்க பண்றது? சந்தோஷத்தால எந்தப் பிள்ளைக்கு என்ன கெடுதல்? அதுல கை வச்சா பாடம் ஒட்டாது."

பதிவில் முதல்நரின் பெயர் இருக்காது. அது எங்கள் மகள் நன்முல்லையின் வகுப்புக்கே போய்ச் சேரும் என்று எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, இன்னிக்கு சைக்கிள் ஏத்துனாங்க. அது நீதானே?"

"எப்படிடி கண்டுபிடிச்ச?" செங்கமலத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"வளைவு தாண்டினதும் நம்ம வீடு ஞாபகம் வந்துச்சு. வாசல்ல ஒரு பொண்ணு நிக்குது. பாத்தா என் மூஞ்சி. இனிமே அங்க போக வேணாம்னு நினைச்சதும்... அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சும்மா."

செங்கமலம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்னை விட்டுப் போகத் தோன்றியதில் எனக்கு வியப்பில்லை, போட்ட இஸ்திரிக்கு அது நியாயம்தான். ஆனால் குழந்தையையும் விட்டா?

"ஒரு நிமிஷம் அப்படித் தோணுச்சு கண்ணு. அம்மா திரும்பி வந்துட்டேன்ல?"

"திரும்பி வந்தது அதுல இல்லம்மா. போறதோட முடிஞ்சிருது."

வேறு பிள்ளையாக இருந்தால் ஒரு பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். உள்ளேயே இருந்து பார்த்துவிட்ட பிள்ளையிடம் எந்தப் பொய் எடுபடும்? தாவீதுக்கு ஃபோன் செய்தேன். ஏறியதை இறக்க வழியே இல்லை என்றார். "ஆனா பதிவு பிரமாதங்க. பிள்ளைங்க சைக்கிளை விட்டு இறங்கவே மாட்டேங்குதாம்" என்றார் சந்தோஷமாக. சில நாளில் செங்கமலத்துக்கு முதல்நர் வேலையும் உறுதியானது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நன்முல்லை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கெஞ்சியாவது சமாதானம் செய்திருக்கலாம். அவள் தினமும் வந்ததும் சைக்கிளை எடுக்கிறாள், இருட்டும் வரை காணோம். நாங்கள் இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். வேறு என்ன செய்வது?

நேற்று செங்கமலம் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப கண்ணு வருவ?"

நன்முல்லை அம்மாவின் விரல்களை மெதுவாக விலக்கினாள்.

"தெரியலம்மா. போறப்போ எப்படி இருக்கும்னு உனக்குத்தான் தெரியுமே."