லயத்தில் தொண்ணூற்றைந்து டிகிரி

வெள்ளிக்கிழமை, காலை 7.10.

திரையில் வந்து நின்ற எண் 6,912. சுதர்ஷினி அதை மூன்று தடவை வாசித்தாள். பிறகு மேசையில் கிடந்த கொப்பியைப் புரட்டினாள். செவ்வாய் இரவு அவள் கையாலேயே எழுதி வைத்திருந்த எண் 14,806.

அதே சோதனை. அதே இயந்திரம். இடையில் அவள் கொழும்புக்குப் போய்வந்த இரண்டு நாள். பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது.

புரொசெசரின் எட்டுக் கோர்களுக்கும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் வேலை கொடுத்து, எவ்வளவு முடித்தது என்று எண்ணிச் சொல்லும் மென்பொருள் அது. பொய் சொல்லத் தெரியாது. அதனால்தான் அவளுக்கு அதைப் பிடிக்கும். லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் லயத்தில், வரிசையாக ஒட்டிய வீடுகளின் கடைசிக் காம்பராவில் அவளோடு நேராகப் பேசும் ஒரே ஆள் அதுதான் என்றும் சொல்லலாம். கூடப் படித்தவர்களெல்லாம் கலியாணமாகியோ கொழும்புக் கடைகளுக்கோ போய்விட்டார்கள். பேராதனையில் பட்டம் எடுத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பியவள் இவள் ஒருத்தி. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே யாரோடு என்ன பேசுவது?

பிற்பகல் மூன்று மணிக்குக் கொழும்பிலிருந்து இணைவார்கள். கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் செய்யும் நிறுவனம். புதன்கிழமை அங்கே நடந்த நேர்முகத்தில், ஆள் சரி, இனி இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். மாதிரிப் படம் ஒன்றை அனுப்புவார்கள். நாற்பது நிமிடத்துக்குள் அது முடிய வேண்டும். முடியாவிட்டால் வேலை இன்னொருவருக்கு. விலாசம் கேட்டபோது தோட்டத்துப் பெயரையும் லயத்து இலக்கத்தையும் சொன்னாள். எதிரே இருந்தவர் பேனாவை நிறுத்தி, இதுதானா முழு விலாசம் என்று கேட்டார். இருநூறு வருசமாக இதுதான் முழு விலாசம் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கணினி எங்கே வாங்கியது என்றும் கேட்டார்கள். பாகம் பாகமாகச் சேர்த்து, மின்சாரம் போன ஒரு மாலையில், டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, தானே தனியாகப் பொருத்தியது என்று பெருமையாகச் சொன்னாள்.

இந்த வேகத்தில் அந்த மாதிரிப் படம் முடிய ஒன்றரை மணித்தியாலம் ஆகும்.

7.20. அவள் அழவில்லை. இரண்டாம் தடவை சோதனையை ஓட்டிவிட்டு, பக்கத்தில் வெப்பத்தைக் காட்டும் சாளரத்தைத் திறந்து வைத்துப் பார்த்தாள். முதல் சில விநாடிகள் முழு வேகம். பிறகு வெப்பம் கிடுகிடுவென ஏறித் தொண்ணூற்றைந்து டிகிரியில் முட்டியது. உடனே புரொசெசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே வெட்டிக்கொண்டது.

வெளியே பதின்மூன்று டிகிரி. மூச்சு விட்டால் புகை வருகிறது. இந்தக் குளிரில் எது கொதிக்கும்?

சூடு உண்டாவதில் பிழையில்லை. உண்டான சூடு வெளியேறவில்லை. அப்படியென்றால் புரொசெசரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கூலரில்தான் கோளாறு. ஐந்து மாதமாக அவள் அதைத் தொடவே இல்லை.

வேறு யாரோ தொட்டிருக்கிறார்கள்.

7.35. மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்தாள். கூலரின் நாலு திருகாணிகளிலும் புதுக் கீறல். நட்சத்திரத் தலைக்குள் எதையோ கூராகக் குத்தித் திருகியிருக்கிறார்கள். கீறலின் ஓரத்தில் அடுப்புக்கரி ஒட்டியிருந்தது.

கூலரைத் தூக்கினாள். அவள் பூசிய சாம்பல் நிறப் பேஸ்ட், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே சூட்டைக் கடத்துகிற அந்தப் பசை, அங்கே இல்லை. அதன் இடத்தில் வெளுத்துக் காய்ந்து, வயல் வெடிப்பு மாதிரி பிளந்துபோன ஏதோ ஒன்று. நகம் பட்டதும் மாவாக உதிர்ந்தது.

துடைத்துவிட்டு, புரொசெசரின் மூடியில் பொறித்திருந்த இலக்கத்தைப் போனில் இருந்த பழைய படத்தோடு ஒப்பிட்டாள். ஒவ்வோர் எழுத்தும் பொருந்தியது. கொக்கியை உயர்த்திக் கழற்றி அடியிலும் பார்த்தாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகளில் ஒன்றுகூட வளையவில்லை. நடுவே ஒரு பஞ்சு இழை மட்டும் சிக்கியிருந்தது.

போலி மாற்றி வைக்கப்படவில்லை. எடுத்த பொருளையே யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள். எந்தத் திருடன் அப்படிச் செய்வான்?

8.05. புரொசெசரை விற்ற முனாப் நானாவைத் தலவாக்கலைக் கடையில் போனில் பிடித்தாள். பாவித்த பழைய சாமானை விற்கும்போது என்ன செய்தீர்கள் என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். மனுசனுக்குக் கோபம் வந்துவிட்டது. அஞ்சு மாசம் ஓடினதுக்குப் பிறகு கேட்கிற கேள்வியா இது என்றார். பிறகு, தொழில்காரன் இல்லையா, கோபத்துக்கு நடுவிலேயே அந்தப் பசை எப்படி இருந்தது என்று விசாரித்தார்.

"காஞ்ச மாவு மாதிரி, நானா."

"நான் தந்த பேஸ்ட் அஞ்சு மாசத்துல காயாது மகள். பேஸ்ட் இல்லாதவன் பல்லுக்குத் தீட்டுறதப் பூசுவான், கண்டிருக்கேன். மணந்து பாருங்க."

மணந்து பார்த்தாள். பற்பசை இல்லை. ஆனால் எங்கேயோ தெரிந்த வாசனை. எங்கே என்று பிடிபடவில்லை.

ஒரு டியூப் புதுப் பேஸ்ட்டைப் பகல் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு முனாப் போனை வைத்தார். அவள் நன்றி சொல்ல மறந்தாள்.

8.40. அடுத்தது அழகன். நாலு காம்பரா தள்ளி இருக்கிறான். தோட்டத்தில் வயரிங் வேலை. கலியாண வீடியோ வெட்டக் கணினியைக் கேட்டு, அவள் மறுத்து ஒரு கிழமைதான் ஆகிறது. அம்மா மலைக்குப் போகும்போது வீட்டுச் சாவியை இஸ்தோப்புத் திண்ணையில் விறகுக்கு நடுவே சொருகிவிட்டுப் போவது லயத்துக்கே தெரியும். பூட்டு உடையாமல் யாரும் உள்ளே வரலாம்.

அவன் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். விசாரணையை அவள் நின்றபடியே நடத்தினாள். புதனும் வியாழனும் எங்கே இருந்தான்? நோர்வூட்டில், மாமா வீட்டு வேலையில். யார் சாட்சி? மாமாதான், வேணுமென்றால் கோல் எடுக்கட்டும். அவளுடைய பெட்டியைத் திறந்தானா?

அழகன் வாய் கொப்பளித்துத் துப்பினான்.

"மேடம், நான் எடுத்திருந்தா திருப்பி வச்சிருப்பேனா? அம்புட்டு நல்லவனாவா தெரியுறேன்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் காலடியில் கிடந்த பையைப் பார்த்தாள். அதில் நட்சத்திரத் தலைக்கென்றே ஆறு அளவில் திருப்புளி இருந்தது. இத்தனையையும் வைத்திருப்பவன் திருகாணியைக் கரி படிந்த எதையோ கொண்டு ஏன் குத்துகிறான்?

9.15. காம்பராவுக்குத் திரும்பி மேசை முன் உட்கார்ந்தாள். லயம் வெறிச்சோடியிருந்தது. விடியப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனவர்கள் மலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். தகரத்தில் தூறல் விழும் சத்தம் மட்டும். யோசனையைச் சொல்லிக் கேட்க ஓர் ஆள் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. இல்லை. கொப்பியில் எழுதினாள்.

இன்று காலை நிறுத்துவதற்கு முன் கணினியின் பதிவேட்டைப் பார்த்திருந்தாள். செவ்வாய் இரவு 10.42க்கு நின்றது; வெள்ளி காலை 6.54க்குத்தான் மறுபடி விழித்தது. நடுவில் ஒரு தடவைகூட யாரும் அதைப் போடவில்லை. புரொசெசரைக் கழற்றி மாட்டிய எவனும் வேலை செய்கிறதா என்று ஒரு முறை போட்டுப் பார்ப்பான். முனாப் பார்ப்பார். அழகன் பார்ப்பான். இந்த ஆள் பார்க்கவில்லை. கணினி ஓடுகிறதா இல்லையா என்பது அந்த ஆளுக்கு அக்கறையே இல்லை.

ஆனால் கை நிதானமான கை. ஓர் ஊசி வளையவில்லை. மூலையில் உள்ள தங்க முக்கோணம் சரியான பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கொக்கியைத் தூக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. இதை யாரோ செய்து காட்டிப் பார்த்த ஆள். ஓட்டத் தெரியாத, பொருத்த மட்டும் தெரிந்த ஆள்.

கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினாள். அடுப்படிச் சுவரில் சாமி படத்துக்குக் கீழே, ஒரு சின்னத் தட்டில் வெள்ளையாகக் குழைத்த ஏதோ மீதி இருந்தது. எழுந்து போய் விரலால் தொட்டு மணந்து பார்த்தாள். கற்பூரமும் சாம்பலும். அதே வாசனை. பக்கத்தில் கறிக்கத்தி. அதன் நுனி முறிந்திருந்தது.

வந்து உட்கார்ந்தாள். அம்மா வரும்வரை ஒன்றும் செய்யவில்லை.

12.20. பறித்த கொழுந்தை நிறுவையில் கொடுத்துவிட்டு அம்மா நாகலெட்சுமி சாப்பிட வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து வாசலில் போட்டவள், மகளின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"இந்தப் பொட்டியத் திறக்கத் தெரிஞ்சவங்க யாருன்னு காலையில இருந்து எண்ணிக்கிட்டிருந்தேன்," என்றாள் சுதர்ஷினி. "முனாப் நானா, அழகன், நான். மூணு பேருன்னு நெனச்சேன். ரெண்டு கையாலயும் நான் கூலர அமுக்கிப் பிடிச்சிருந்தா, டோர்ச்ச யாரு பிடிச்சது? மூணு மணித்தியாலம் பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டிருந்தது நீதாம்மா. கொழும்புல கேட்டப்ப தனியாப் பொருத்துனேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

நாகலெட்சுமி வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"ஆயுத பூசைக்கு இதுக்கு ஒரு பொட்டு வைக்கிறேன்னு கேட்டதுக்குக் கிட்ட வராதேன்னு கத்துன," என்றாள். "ஊருல எல்லாரும் புள்ளைங்க பொஸ்தகத்தையும் கத்தியையும் கோயிலுக்குக் கொண்டு போறாங்க. நான் என்னத்தக் கொண்டு போறது? இது மூளை, மத்ததெல்லாம் வெறும் பொட்டின்னு நீதான சொன்ன. பொட்டி கனம், மழை வேற. அதான் நேத்து மூளைய மட்டும் சாப்பாட்டுப் பொட்டியில பஞ்சு வச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். இது என்னான்னு பூசாரி கேட்டாரு. எம் மவளோட மூளைன்னேன்."

சுதர்ஷினி வெள்ளைத் துகள் ஒட்டிய கூலரைத் தூக்கிக் காட்டினாள்.

"அதுல இருந்ததத் தொடச்சியே, அது ஏன்?"

"பழைய திருநீறு தானே, கறுத்துப் போயிருந்திச்சு. சாமி இல்லன்னு வெளிய பேசிக்கிட்டு, உள்ளுக்குள்ள யாருக்கும் தெரியாம பூசி வச்சிருக்கியேன்னு எனக்குச் சந்தோசமா இருந்திச்சு. அதான் புதுசாக் கொழச்சு வச்சேன்."

குழைத்த திருநீறு ஈரம் இருந்தவரை கொஞ்சம் தாங்கியிருக்கும். முதல் சூட்டிலேயே காய்ந்து உதிர்ந்திருக்கிறது. சாம்பல் சூட்டைக் கடத்தாது, பொத்தி வைக்கும். காலை முழுதும் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே வைப்பதென்று சுதர்ஷினிக்குத் தெரியவில்லை. அது திருநீறு இல்லை என்று மட்டும் சொன்னாள். சொன்னதும் அம்மாவின் முகம் விழுந்ததைப் பார்த்து, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

இருவரும் சாப்பிட்டார்கள். 1.15க்கு அம்மா மலைக்குத் திரும்பினாள். போகும்போது, கெட்டுப் போச்சா என்று கேட்டாள். தெரியாது என்றாள் மகள்.

1.40. பாதைக்கு இறங்கி பஸ்ஸை மறித்து டியூப்பை வாங்கினாள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் வெள்ளைத் துகளை ஒன்று விடாமல் எடுத்தாள். ஓர் அரிசியளவு பேஸ்ட். நாலு திருகாணி, மூலைக்கு மூலை. 2.32க்குச் சோதனை சொன்ன எண் 14,790. வெப்பம் எழுபத்தொன்று.

3.00. கொழும்பு இணைந்தது. திரையில் படம் கட்டம் கட்டமாக நிறைந்தது. முப்பத்தேழாவது நிமிடத்தில் முடிந்தது. திங்கட்கிழமை எட்டரைக்கு ஆரம்பிக்கலாம் என்று அந்தப் பக்கத்துக் குரல் சொல்லித் துண்டித்துக்கொண்டது. காம்பராவில் அவள் மட்டும். முனாப் நானாவுக்குக் கோல் எடுத்து, காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். அவர் பேஸ்ட்டின் விலையைச் சொன்னார்.

5.10. அம்மா நனைந்து வந்தாள். கிடைத்ததா என்று கேட்கவில்லை. முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அடுப்பைப் பற்றவைத்து, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"எப்பப் போற?"

"எங்க?"

"கொழும்புக்குத்தான்."

சுதர்ஷினி அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்று இரண்டு மாதமாக முனாப்புக்குச் சொல்லியிருக்கிறாள். பேராதனைச் சிநேகிதிகளுக்கு எழுதியிருக்கிறாள். அழகனுக்குக்கூடத் தெரியும். ஒரே அடுப்பில் சாப்பிடுகிற ஆளுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

"போறதில்லம்மா. வேலையே இங்கதான். இந்த மேசையில, இந்தப் பொட்டியிலதான். மாசத்துக்கு ஒருவாட்டி போயிட்டு வரணும், அவ்வளவுதான்."

ஊதுகுழல் அம்மாவின் கையில் அப்படியே நின்றது. புகை கண்ணில் ஏறியும் அவள் விலகவில்லை.

"நேத்துக் கோயில்ல என்னம்மா கேட்ட?"

"உனக்குக் கெடைக்கணும்னு கேட்டேன். அப்புறம், நீ போயிட்டா இந்தக் காம்பராவுல ஒண்டியாக் கெடக்குற தெம்ப எனக்குக் குடுன்னு கேட்டேன்."

நாகலெட்சுமி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ஈரச் சீலையின் மேலேயே சால்வையை இழுத்துப் போர்த்தினாள்.

"இந்த மழையில எங்க போற?" என்றாள் மகள்.

"கோயிலுக்கு. ரெண்டாவது கேட்டது வேணாம்னு சொல்லிட்டு வந்துர்றேன். குடுத்துத் தொலைக்கப் போகுது."