கமால் வீட்டுக் கிண்ணம்

2006, செவ்வாய், காலை 10.10. திருவள்ளூர்.

காணாமல் போனவை சில நூறு புள்ளிகள்.

தரையிலிருந்து கசியும் ரேடான் வாயு பட்டால், சுவரில் தொங்கும் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் இருக்கும் ஃபிலிமில் புள்ளி விழும். கும்மிடிப்பூண்டி தொழிலாளர் குடியிருப்பில் மூன்று மாதம் தொங்கிய கிண்ணங்களில் ஏராளமான புள்ளிகள். கமால் வீட்டில் மட்டும் ஏறக்குறைய பூஜ்யம். வெட்டவெளியில் மாட்டியிருந்தால்கூட இதைவிட அதிகம் வரும்.

கணக்கெடுக்கும் ஸ்ரீப்ரியாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அளவு மீறிய வீடுகளில்தான் நிர்வாகம் தரையைச் சரிசெய்யும். பட்டியல் மாலை ஐந்துக்கு முடிகிறது. விட்டுப்போனால் கமால் குடும்பம் புற்றுநோய் தரும் காற்றையே சுவாசிக்க வேண்டியதுதான்.

கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தாள். துளி அழுக்கில்லை. முகர்ந்தாள். கிராம்பு வாசனை.

பகல் 1.30. கும்மிடிப்பூண்டி.

குடியிருப்பு மேற்பார்வையாளர் ஜெயராஜ் மேல்தான் முதல் சந்தேகம். தரையை உடைத்தால் தலைவலி அவருக்குத்தானே.

"கமால் வீட்டுக்குப் போனீங்களா?"

"மாசாமாசம் மீட்டர் பாக்கப் போவேன் மேடம்."

"கிண்ணத்தைத் தொட்டீங்களா?"

"இன்னாத்துக்குத் தொடப்போறேன்? செவுத்துல வெறும் ஆணிதான் இருந்துச்சு."

பொய்யா? கமால் வீட்டில், ஆணிக்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரில் விரலை வைத்தாள். கரி அப்பிக்கொண்டது. கிண்ணத்திலோ துளி கரி இல்லை. ஜெயராஜ் சொன்னது நிஜம்தான். கிண்ணம் இங்கே தொங்கவே இல்லை.

டி.வி. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. அலமாரியில் இறுக்கி மூடிய, வாய் அகன்ற காலி கண்ணாடி பாட்டில். திறந்தாள். கிராம்பு.

"கிண்ணத்தை இதுலயா வெச்சீங்க, அக்கா?"

கமாலின் மனைவி பீவி ஜான் மிரண்டாள். "ஆமாம்மா. சர்க்கார் சாமான், பத்திரம்னு சொன்னீங்க. பசங்க ஊட்லயே பந்து ஆடிக்கினு இருக்குதுங்க. நீங்க வர்ற அன்னிக்கு எடுத்து மாட்டினேன்."

மூடிய பாட்டிலுக்குள் புதுக்காற்று போகாது. உள்ளே சிக்கிய கொஞ்ச ரேடானும் சில நாளில் தானாகச் சிதைந்து தீர்ந்துவிடும். அப்புறம் புள்ளி எங்கிருந்து விழும்?

"அப்ப யாரும்மா தப்பு பண்ணது?" ஸ்ரீப்ரியா விளக்கியதும் பீவி ஜான் கேட்டாள்.

"நான்தான். பத்திரம்னு பத்து தடவை சொன்னேன். மூடக்கூடாதுன்னு ஒரு தடவை சொல்லல."

படிவத்தில் எழுதினாள்: சோதனை செல்லாது. தவறு செய்தவர், ஸ்ரீப்ரியா. இனி புதுக் கிண்ணம், இன்னும் மூன்று மாதம். தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அதுவரைக்கும் ஜன்னலைத் திறந்தே வைங்கக்கா. வாயு வெளிய போயிடும்."

பீவி ஜான் ஜன்னலைக் காட்டினாள்.

"தொறந்தா கம்பெனி பொக உள்ள வருதேம்மா. எந்தக் காத்தத்தான் உள்ள வுடறது?"